பதினாறுக்கு எட்டு

ஏரிக்குப் பின்னால் அந்தத் திடலில்
வெள்ளைக் கோடு போட வந்தவர்கள்
என்னைத்தான் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள்.
ஒரு காருக்கு நீளம் பதினாறு அடி, அகலம் எட்டு.
நாயுடுபுரத்தில் நானும் மகன் ஸ்தனிஸும் படுக்கிற அறை
பத்துக்கு எட்டு.
அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.
ராத்திரி கால் நீட்டும்போதுதான்
சுவர் இடித்தது.

மணிக்கு நாற்பது ரூபாய்.
நம்ம பாயை அங்கே கொண்டுபோய் விரித்தால்
மாதம் என்ன ஆகும் என்று
பையன் நோட்டுப் பின்அட்டையில் கணக்குப் போட்டான்.
வீட்டுக்காரம்மா வாங்குவதைப் போலப்
பத்து மடங்கு.
கார்களுக்கு வசதிதான் அம்மா என்றான்.

சனிக்கிழமை வந்தால் மூஞ்சிக்கல்லில் இருந்து
ஏழு ரோடு வரைக்கும் எதுவும் நகராது.
மலை பார்க்க வந்தவர்கள்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
முன்னால் நிற்கும் காரின் முதுகைப் பார்க்கிறார்கள்.
எங்கள் பஸ்ஸும் அதற்குள்தான் நிற்கும்,
அறுபத்தெட்டுப் பேரோடு,
இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் காருக்குப் பின்னால்,
வந்த முறைப்படி வரிசையில்.
யாரும் தப்புச் செய்யவில்லை.
அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஐப்பசியில், சவரிக்காட்டுக்குக் கீழே
பாதி ரோடு பள்ளத்தில் இறங்கியது.
ஆள் சேதமில்லை. ஒரு மைல்கல் மட்டும் போனது.
மிச்சப் பாதியில் மினி பஸ் மட்டும், கார் கிடையாது என்றார்கள்.
பெரிய வண்டியை விட்டுவிட்டுச் சின்னதை மறிப்பதா
என்று செக்போஸ்ட்டில் சண்டை.
மணிக்கு ஆறு பஸ்ஸை ஓரமாக நடத்திக் கூட்டிப்போவேன்,
முந்நூறு காரை எந்தத் தோளில் சுமப்பேன்
என்றாராம் இன்ஜினியர்.

பத்தொன்பது நாள்.

வசூல் இல்லாவிட்டால் கூலி இல்லை
என்று காண்ட்ராக்டர் ஒச்சப்பன் சொல்லிவிட்டார்.
அரிசி கடனுக்கு வாங்கினேன்.
நல்லதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.
டாக்சி ஸ்டாண்டு ஜெயக்கொடி தவணை கட்ட முடியாமல்
நான்காம் நாளிலிருந்து
மினி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட நின்றான்,
யார் முகத்தையும் பார்க்காமல்.

ஆனால் வில்பட்டி பஸ் ஏழு நாற்பதுக்கு வந்தது.
மறுநாளும் ஏழு நாற்பது.
நர்ஸ் கிருபாவதி ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்
உட்கார்ந்து டீ குடித்ததை
இந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.
பையோடு இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர்
ஏரி எவ்வளவு தூரம் என்றார்.
நடந்தால் பத்து நிமிஷம்.
நடந்தா? என்றார்,
நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல.
திரும்பி வரும்போது அவர் கையில் இரண்டு சோளக்கதிர்,
பாக்கெட்டில் பேரிக்காய்.
நடக்கிறவனுக்குத்தானே பசிக்கும்
என்று கரியை விசிறினாள் முத்துப்பேச்சி.
கார்க்காரன் கண்ணாடியை இறக்குவதற்குள்
என் கடை பின்னால் போய்விடும்.

பதினோராம் நாள் சாயங்காலம்
பனி இறங்கிக்கொண்டிருந்தது.
ஸ்தனிஸ் முப்பத்தொன்றாம் எண் கட்டத்தில் போய்
மல்லாந்து படுத்தான்.
ஏய், ஈரம்டா என்றேன்.
பிறகு நானும் படுத்தேன்.
தலைக்கு மேலே கையை நீட்டினோம், காலை நீட்டினோம்,
எதுவும் தட்டவில்லை.
அவன் எழுந்து அளந்தான்,
அடிமேல் அடி வைத்து:
ஒரு அடுப்பு வைக்கலாம் அம்மா,
ஒரு மேஜையும்.

ரோடு சரியாகிவிட்டது.
புது மைல்கல் கூட நட்டுவிட்டார்கள்.
முதல் சனிக்கிழமையே திடல் நிரம்பியது,
என் கூலி வந்தது, அரிசிக் கடன் தீர்ந்தது.
வில்பட்டி பஸ் ஒன்பதேகாலுக்கு வந்தது.
பஸ்ஸை மட்டும் முதலில் விடச் சொல்லி ஒரு மனு சுற்றுகிறது.
முதல் கையெழுத்து கிருபாவதி.
பதினேழாவது ஜெயக்கொடி,
அவன் ஏன் போட்டான் என்று நான் கேட்கவில்லை.
டிக்கெட் கிழிக்கிற கையாலேயே
நானும் போட்டேன்: பிரகாசி.

இடம் இருக்கா என்று
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிக் கேட்கிறார்கள்.
இருக்கு, அந்தப் பக்கம் போங்க.

முப்பத்தொன்றை மட்டும்
கடைசியில்தான் கொடுக்கிறேன்.