நாற்பத்திரண்டு பத்துக்கும் அறுபதுக்கும் நடுவிலை

சந்தை ஒன்பதரைக்குத் திறக்கும்.
பரமேஸ்வராச் சந்தியிலை என்ரை கடை
எட்டுக்கே திறந்திடும்.
பக்கத்துக்கு எட்டு ரூபா,
இரண்டு பக்கமும் அடிச்சால் பதின்மூன்று.
கம்பஸ் பெடியள் நோட்ஸோடை நிக்க,
டோனர் மணத்துக்குள்ளை
கல்குலேட்டரிலை சாய்ச்சபடி என்ரை போன்.

முதல் அரை மணி நேரம் கை வைக்கமாட்டன்.
அந்த அரை மணியின்ரை உச்சிக்கு ஒரு கோடு,
அடிக்கு ஒரு கோடு.
பிறகு பார்த்துக்கொண்டிருக்கிறதுதான்.

ஏறுற நாளை எனக்குத் தெரியும்.
ஒரு உச்சி முந்தின உச்சியைத் தாண்டும்.
இறங்கினாலும்
முந்தி இறங்கின இடம்வரைக்கும் இறங்காது,
மூட்டையோடை படியேறுறவன்
நடுப்படியிலை மூச்சு வாங்கிறமாதிரி.
விக்கிறவை விக்க விக்க
வாங்கிறவை வந்துகொண்டே இருப்பினம்,
அடியிலை அளவுத் தூண்கள் நெடுத்து நிக்கும்.
சோளகம் பெயர்ந்த நாளிலை
காத்து எந்தப் பக்கமெண்டு
ஒருத்தரும் கேக்கிறேல்லை.
கொடியிலை காயிற சீலையே காட்டிக்குடுத்திடும்.

இண்டைக்கு நான் மூண்டு தரம் கேட்டுப்போட்டன்.

இது புரட்டாதிக் கடைசி.
சோளகம் களைச்சுப்போச்சு,
வாடை இன்னும் வரேல்லை.
நாற்பத்திரண்டு பத்து.
நாற்பத்திரண்டு அறுபது.
திரும்பவும் பத்து.
சராசரிக் கோடுகள் இரண்டும்
சீப்புப் படாத தலைமயிர் மாதிரிச் சிக்கி
ஒண்டை ஒண்டு வெட்டிக்கொண்டு கிடக்குது.
போன ஆவணியிலை இதே கொப்பியிலை
சிவப்புப் பேனையாலை எழுதினனான்:
கோடு படுத்தால் நீயும் படு.

பதினொன்று இருபதுக்கு அறுபதைத் தாண்டினது.
எழுபது!
ஐயாயிரம் பங்கு வாங்கினன்.
அளவுத் தூண் குட்டையாய்த்தான் நிண்டது.
கண்டனான்.
கண்டுகொண்டுதான் வாங்கினனான்.

அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை,
"அக்கா, எழுபத்திரண்டாம் பக்கம் விழேல்லை" எண்டு
முழுக் கட்டையையும் திருப்பித் தந்தாள்.
ஊசி கழட்டி, பக்கத்தை அடிச்சு,
திரும்பக் குத்திப்போட்டு நிமிர
நாற்பத்திரண்டு இருபது.

வித்தன்.
இரண்டாயிரத்து ஐந்நூறு.
முந்நூற்றுப் பன்னிரண்டரைப் பக்கம்.
அரைப் பக்கத்தை எப்பிடி அடிக்கிறது?
தரகுக் காசை இன்னும் கழிக்கேல்லை.

தரகர் கந்தோரிலை இருந்து நிதுசன் எடுத்தான்.
"விட்டிடாதையுங்கோ அக்கா, மேலை போகும்."
"எதை வைச்சுச் சொல்லுறாய்?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"சும்மா, ஒரு இதுதான்."

அந்த இதுதான்.
எனக்கும் அதே இதுதான்.

ஸ்காபரோவிலை இருந்து ஜெயரூபன்
ஞாயிற்றுக்கிழமைகளிலை எடுக்கிறவர்:
"இந்த மாதம் கட்டாயம் வந்திடுமாம்."
புதன்கிழமை வாட்ஸப்பிலை ஒரு வரி:
"இன்னும் ஒண்டுமில்லை."
மூண்டு வருசமாய் என்ரை கோப்பு
பரிசீலனையிலை.
நான் ஒவ்வொரு ஞாயிறும்
உச்சியிலை வாங்கி
ஒவ்வொரு புதனும் அடியிலை வித்திருக்கிறன்.
சூட்கேஸ்கூட ஒருக்கால் வாங்கினனான்,
பெரிய சைஸ், நாலு சில்லு.
இப்ப அதுக்குள்ளை ஏ-நாலுக் கடுதாசி.

ஒண்டே முக்காலுக்குத் திரும்பவும் அறுபது.
விரல் போய்ப் பொத்தானிலை நிண்டது.
"அக்கா, கலரிலை எவ்வளவு?"
"நாற்பது."
கையை எடுத்தன்.
அறுபத்தைந்து இல்லை இங்கை,
பத்துச் சதப் படிதான்;
எழுபதுக்கு ஏறி ஒரு நிமிசம் நிண்டு
தானாய் விழுந்தது.
சந்தோசப்படேல்லை. ஆனால் பார்த்தன்.

இரண்டரைக்கு மூடினது.
திறந்த இடம் நாற்பத்திரண்டு முப்பது,
மூடின இடமும் அதுதான்.
கொப்பியிலை திகதி போட்டு
பக்கவாட்டு எண்டு எழுதினன்.
போன கிழமையும் எழுதியிருக்கிறன்,
அதுக்கு முதல் கிழமையும்.

நாளைக்கு ஞாயிறு இல்லை, வெள்ளி.
மேசையிலை எழுபத்திரண்டாம் பக்கம் ஒண்டு
கூட அடிபட்டுக் கிடக்குது.
மறுபக்கம் வெள்ளை.
அதிலை இரண்டு கோடு கீறி வைக்கிறன்
நாளையான் காலமைக்கு,
விலை எழுதாமல்.