கடைமடை ரீடிங்

மேலூர் தாண்டி, பெரியாற்றுக் கால்வாய்
வாய்க்காலாகி, வரப்போடு ஒட்டி, மெலிந்துபோகிற ஊரில்
நான் மீட்டர் கணக்கெடுப்பவள்.
இரண்டு மாதத்துக்கொரு முறை
இருநூற்றுப் பதினாலு வீடு.
நாய் கடிக்கும் வீடுகளை நோட்டில் சிவப்பாகக் குறித்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் இரண்டு வழியில் வரும்.
கால்வாய் வழி வந்தால் ஊருக்கே தெரியும்,
முன்னால் பிள்ளைகள் ஓடிவரும்
பின்னால் மடைச்சண்டை வரும்.
கம்பி வழி வருவது யாருக்கும் தெரியாது.
நின்றால்தான் தெரியும்.

பயிற்சி வகுப்பில் ஏ.இ. சொன்னார்:
மலையில் குழாய்க்குள் விழுந்து ஒரு சக்கரம்,
வைகை அணையடியில் இன்னொரு சக்கரம்,
இரண்டையும் சுற்றிவிட்டுத்தான் பேரணைக்கு வருகிறது.
சுற்றுவதால் ஒரு சொட்டும் குறையாதும்மா,
உயரம்தான் செலவாகிறது.

உயரம் எங்களிடம் எந்தக் காலத்தில் இருந்தது?
கிடைத்தாலும் அதை வைத்து நாற்றா நட முடியும்?
அதனால் நான் குறை சொல்லவில்லை.
புகை இல்லை, சாம்பல் இல்லை.
மாலை ஆறரைக்கு மதுரை முழுக்க ஒரே நேரத்தில் சுவிட்ச் போட,
நிலக்கரி உலை சோம்பல் முறிப்பதற்குள்
மலைத்தண்ணீர் எழுந்து நின்றுவிடும்.
துணைச் சுகாதார நிலையத்துப் பெட்டியில்
தடுப்பூசி மருந்து குளிர்ந்தே இருக்கிறது.
மூச்சிரைப்புக்காரி ஒய்யம்மாளின் மகள்
மூக்கில் ஆவி பிடித்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுகிறாள்,
அந்த மீட்டரைப் படிக்கும்போது எனக்கே ஒரு கர்வம்.

போன ஐப்பசியில்
பத்து நாள் முறை, பிறகு ஐந்து நாள், பிறகு ஷட்டர் இறங்கிவிட்டது.
கதிர் பால் பிடிக்கிற நேரம்.
ராத்திரி பதினொன்றுக்குத் த்ரீ பேஸ் வந்தது.
வீரணன் எழுநூறு அடி போரில் மோட்டாரைப் போட்டான்.
அவன் வயலுக்கு வராத தண்ணீர்
வழியில் சுற்றிவிட்டுப் போன கரண்ட் மட்டும் வந்து
பாதாளத்தில் கைவிட்டுத் துழாவியது.
விடியும்வரை வந்தது செம்மண் சேறு.

அவசரப்பட்டுச் சொல்கிறேனோ?
தூத்துக்குடிக் கரியும் கயத்தாற்றுக் காற்றும்
அதே கம்பியில்தான் ஓடுகின்றன.
எந்த யூனிட் எந்தத் தண்ணீர் என்று
மீட்டருக்குத் தெரியாது.
ஷட்டரை இறக்கியதும் சக்கரமில்லை,
மழை இல்லாததுதான்.
இருந்தாலும் அந்த ராத்திரி
மோட்டார் இரைச்சலைக் கேட்டபடி படுத்திருந்தவள் நான்.

பொம்முராசு வீட்டு மீட்டர் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.
கதவு, அணைக்குள் போன ஊரிலிருந்து
அவருடைய அப்பா வண்டியில் ஏற்றி வந்தது.
இந்த வீட்டு நிலைக்கு நாலு விரல் பெரிது.
அடிப்பக்கம் இழைத்தும் சேரவில்லை.
அந்த இடுக்கு வழியாகத்தான் சர்வீஸ் வயர் உள்ளே போகிறது.
கோடையில் அணை வற்றினால் அவர் பஸ் ஏறிப் போவதுண்டு,
கிணற்றுச் சுவர் தலைகாட்டுகிறதா என்று.
இந்த வருஷம் போகவில்லையாம்,
ஃபிரிட்ஜுக்குத் தவணை கட்டணும், லீவு போட முடியாது.

ரீடிங் எடுத்தேன்.
நூறு யூனிட்டுக்குள்தான். கட்ட வேண்டியது பூஜ்யம்.
சொன்னேன்.
மீட்டரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.
"அப்ப கணக்கு நேராயிருச்சு" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை,
ஃபிரிட்ஜ் அப்போதுதான் உறும ஆரம்பித்தது.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.
குளிர்ந்த பாட்டில் கொடுத்தார்.
பல் கூசியது.

நோட்டைப் புரட்டினேன்.
அடுத்த வீடு, சிவப்பு.