புள்ளி ஒன்பது

செட்டிகுளத்தில் கடைசி பஸ் போனபிறகு
எங்களுக்கு வேலை சூடுபிடிக்கும்.
மூன்றாம் மாடி. ஏசி பதினெட்டில்.
யாரோ கொண்டுவந்த நேந்திரங்காய் சிப்ஸ்
கீபோர்டுகளுக்கு மேலாகக் கை மாறிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு நூற்றுப் பதினான்காவது சார்ட்.
ஆண் குழந்தை, பிறந்து இரண்டு நாள்.
எடை இருக்கிறது. அழுகை இருக்கிறது.
தாயின் ரத்த வகைகூட இருக்கிறது.
மூக்குக்கு நேரே
பிறவிக் கோளாறு என்று இரண்டே சொல்,
அப்புறம் டாக்டரின் கையெழுத்து.

பிளவா, நடுச்சுவரில் ஓட்டையா,
பின்வாசல் அடைத்திருக்கிறதா,
மூக்கே இல்லையா?
எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் இடம் உண்டு.
க்யூ முப்பது, புள்ளி பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை.
எட்டு என்றால்
டாக்டர் சொல்லியிருக்கிறார், நம்மிடம் கட்டம் இல்லை.
ஒன்பது என்றால்
கட்டம் இருக்கிறது, அவர் சொல்லவில்லை.

ஒன்பது போட்டேன்.
ஆடிட்டில் சிவப்பாய்த் திரும்பி வந்தது.
"ஒம்பதுன்னா இன்ஷூரன்ஸ்காரன் மொகத்த சுளிப்பான்.
டாக்டருட்ட கேட்டு எழுது ஸ்ரீகலா" என்றான் பிபின்ராஜ்.
"பின்னே, நீயா ஒண்ணும் நெனச்சுக்கிடப்பிடாது.
எழுதலைன்னா நடக்கல்ல, கேட்டியா."

கேட்டேன்.
விடையைக் கேள்விக்குள் ஒளித்துவைக்கக் கூடாது,
அதுவும் ஒரு விதி.
பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது:
குறிப்பைப் பார்க்கவும்.
குறிப்பில் அதே இரண்டு சொல்.

நினைக்கக் கூடாது என்றாலும்
அந்தப் பதினொரு நாளும் விடியற்காலை கேபில்
அவனுக்கு மூக்கு மாற்றிக்கொண்டேயிருந்தேன்.
வில்லுக்குறி தாண்டும்போது ஒன்று.
தக்கலையில் இன்னொன்று.
அழகியமண்டபத்தில் டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டபோது
ஒரு நிமிஷம் முகத்தில் ஒன்றுமே இல்லாமல்.

எனக்கு வலது மூக்கில் காற்று வராது.
நீர்க்கோவை என்றார்கள். சைனஸ் என்றார்கள்.
நொச்சி போட்டு ஆவி பிடித்தே
ஒரு போர்வை நிறம் போனது.
ரப்பர் ஷீட்டுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று
அப்பா புகைப்புரையைப் பிரித்து
மேற்கு மூலையில் கட்டினார்.
பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும்
'மூக்கும் முழியுமா இருக்கா' என்று
காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.
மூக்குத்தி குத்தியதும் வலப்பக்கம்தான்.
திறக்காத கதவுக்கு ஒற்றைக் கல்.

மார்த்தாண்டத்தில் டாக்டர் ஜெசிந்தா
மூக்குக்கடியில் சில்லென்று ஒரு ஸ்டீல் தகட்டைப் பிடித்தார்.
மூச்சு விடு.
இடப்பக்கம் ஆவி படிந்தது.
வலப்பக்கம் டியூப்லைட் தெரிந்தது.
ஸ்கேனில் ஓர் எலும்புப் பலகை,
இருபத்தொன்பது வருஷமாய்
மூக்கின் பின்வாசலில் குறுக்கே.

படியிறங்கி,
மருந்துக்கடை வாசலில் ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன்.
மூக்கில் பிறவிக் கோளாறு.
முற்றுப்புள்ளி.

திரும்ப ஏறினேன்.
எனக்குப் பின்னால் டோக்கன் வாங்கியிருந்தவர்கள் முறைத்தார்கள்.
"டாக்டர், எந்தப் பக்கம்னு எழுதணும்.
எலும்புன்னு எழுதணும்.
அடைப்பு முழுசான்னு எழுதணும்."
"ஆபரேஷன் பண்ணப்போறது நான்தானே,
எனக்குத் தெரியாதா" என்று சிரித்தார்.
"உங்களுக்குத் தெரியும்.
வாசிக்கிறவளுக்குத் தெரியாது."
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
மூன்று வரி எழுதிக் கொடுத்தார்.
என் கம்பெனி பாலிசியில்
பிறவிக் குறைக்குப் பணம் கிடையாது.
அது எனக்கு முன்னமே தெரியும்.

அன்றிரவு அவனுடைய சார்ட்டை மூடினேன்.
ஒன்பதுதான்.
இந்நேரம் பால் குடிக்க நடுவில் வாயை எடுத்து
அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம்.
எழுதாததால் அது நடக்கவில்லை.

சிஸ்டம் தொங்கித் திரை கறுத்தபோது
கிட்டே குனிந்து ஒருமுறை ஊதினேன், மூக்கால்.
ஒரே ஒரு வட்டம் படிந்து
அது போவதற்குள் அடுத்த சார்ட் வந்துவிட்டது.
முழங்கால், இடது, எழுபத்திரண்டு வயது,
தேவாலயப் படியில் வழுக்கி விழுந்தது,
பனி பெய்த காலையில்.