வலப்பக்க இருக்கை

ஆட்டுப் பண்ணைக்குப் பின்னால்
விமானம் மறந்துபோன ஓடுதளம்.
ஞாயிறு காலை ஆறரை.
வெயிலுக்கு முன் வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான்
எங்களுக்குள் விதி.
செட்டிநாட்டு வெயிலில்
மூன்று வண்டியும் ஒன்றாகக் கொதித்தால்
தண்ணீருக்கு எங்கே போவது?

பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு
பொய் சொல்லத் தொடங்குவோம்.

ஜபருல்லாவின் மஸ்டாங்கில்
பெட்ரோல் முள் செத்துப் பத்து வருஷம்.
டிக்கியைத் திறந்து டாங்கின் தலையைத் தட்டிக் கேட்பார்,
தேங்காய் முற்றியதா என்று பார்ப்பதுபோல.
"லிட்டருக்கு ஏழு குடுக்குது."
"இறக்கத்துலயா?" என்று யாராவது கேட்பார்கள்.
அந்த வாரம் முழுக்கப் போன் எடுக்கமாட்டார்.

தேனப்பனின் கார்வெட்டுக்கு உடம்பு இரும்பில்லை.
கோட்டையூர் வளைவில் மாடு முட்டியபோது
நசுங்கவில்லை,
அப்பளமாக நொறுங்கியது.
மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.
ஒட்டுப்போட ஆளில்லாமல்
தொண்டிக்கு லாரியில் ஏற்றிப்போய்
ஃபைபர் படகு செய்கிறவர்களிடம் விட்டார்.
வலை காயும் மணலில், இரண்டு படகுகளுக்கு நடுவே,
பதினெட்டு நாள் கிடந்தது.
மழை பெய்தால் இப்போதும் மீன் வாடை வருகிறது என்கிறார்.
மோந்து பார்த்தேன். வருகிறது.

நான் மொபெட்டில் வருகிறவன்.
என் கமாரோவைச் சினிமாக் கம்பெனிக்கு விற்றேன்.
நீலத்தைச் சிவப்பாக்கி
குன்றக்குடிப் பக்கம் கல்குவாரியில் உருட்டிவிட்டார்கள்.
படத்தில் பதினோரு விநாடி.
டிக்கெட் வாங்கி நாலு தடவை பார்த்தேன்.
நாலு தடவையும் விழுந்தது.

இன்றைக்கு வயிரவனின் ஃபயர்பேர்டும் வந்திருக்கிறது,
கார்த்திகையிலிருந்து மூடிக் கிடந்தது.
ஓட்டி வந்தது மெக்கானிக் ஆரோக்கியம்.
வலப்பக்கம், எப்போதும்போல, சிகப்பி ஆச்சி.
எங்களுக்கு இட்லி கட்டிக் கொடுத்தவர்.
இத்தனை வருஷத்தில் அவரிடம்
ஒரு கதையும் நாங்கள் கேட்டதில்லை.

"அமெரிக்கா வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம்.
லாரிக்குப் பின்னால போனா
அவுகளுக்குத் தெரியறது லாரியோட முதுகு மட்டுந்தான்.
ரோடு எனக்குத்தான் தெரியும்.
எட்டிப் பாத்து நான் 'ம்'னா ஏறுவாக.
சொல்லலைன்னா
திருச்சி வரைக்கும் வைக்கோல் துகளைத் தின்னுக்கிட்டே வரணும்."

தேனப்பன் சிரித்தார். ஆச்சி சிரிக்கவில்லை.

"ஒரு நா வீட்லயே சண்டை.
அண்ணன் மகளுக்கு நான் குடுத்த வைரத்தோடுக்காக.
திருமயத்துக்கிட்ட முன்னால ஒரு மாட்டுவண்டி.
எதுக்க ஒரு ஈ காக்கா இல்லை.
நான் வாயத் திறக்கலை.
கடியாபட்டி விலக்கு வரைக்கும்
முன்னூத்தி முப்பது குதிரை
ரெண்டு மாட்டுக்குப் பின்னால.
ரோடு காலின்னு அவுகளுக்குத் தெரியும்.
எதிர்ல ஒரு சத்தமும் வரலையே.
கேக்கலை."

ஜபருல்லா பானட்டை மூடினார்,
தேவையில்லாமல், மெதுவாக.

ஆச்சி இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து
இடப்பக்கம் உட்கார்ந்தார்.
சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.
ஆரோக்கியம் ஏதோ சொல்லப்போய்ச் சாவியைக் கொடுத்தான்.

"நீங்கதானே வண்டியில்லாதவுக. ஏறுங்க."

ஏறினேன்.
அந்த இருக்கையின் நுரை
முன்பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது,
எட்டிப் பார்த்தே பழகிய ஒருவரின் எடையில்.

இன்ஜின் உறுமியது.
ஒன்றும் நடக்கவில்லை.
எதிரே முந்நூறு கஜம் வெறுமை,
ஓரத்தில் மேய்கிற ஒரு கிடா.
ஆச்சி முன்னால் பார்த்தபடி இருந்தார்.
எதற்குக் காத்திருக்கிறார் என்று புரிய
எனக்கு அவ்வளவு நேரம் ஆனது.

"ம்" என்றேன்.

ஒரு குலுக்கல். க்ளட்ச் தப்பி
வண்டி அணைந்தது.

"திரும்பச் சொல்லுங்க" என்றார்.