பின்கட்டு

பள்ளத்தூரில் என் இடுப்பில் எழுபத்து நான்கு சாவிகள்.
வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில்.
எப்போதாவது வருவார்கள்,
முகப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு,
அடுப்படி தாண்டினால் பின்கட்டு.
தலைவாசல் ஒரு தெருவில்,
கொல்லைவாசல் அடுத்த தெருவில்.
வாரம் ஒருநாள் டார்ச்சோடு நுழைந்து
நான் தேடுவது ஒன்றைத்தான்:
சுவரில் நூல் கனத்தில் ஒரு மண்கோடு.
கரையான் சத்தம் போடாது.
நிலை கையோடு பெயர்ந்து வருகிற அன்றைக்கு
மருந்தடிக்க ஆளைக் கூப்பிட்டு என்ன?

இவ்வளவு தெரிந்தவன்தான்,
அண்ணன் வயிரவன் "மூலம்டா" என்றபோது
சரி என்றேன்.
மூன்று வருஷம் மூலம்.
துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, காரம் பாதி,
பஸ்ஸில் உட்காரத் துண்டு மடிப்பு.
சிவப்பைப் பார்த்தும் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான்.
பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தான்.
ஈரல் வரைக்கும் போய்விட்டது என்றார்கள் மதுரையில்.
அதை அவனிடம் நாங்கள் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.

நர்ஸ் ஆக்னஸ் இரண்டு பெட்டி தந்தார்.
"அண்ணனுக்கு இருந்திருக்கு.
உங்களுக்கு நேரா கேமரா விட்டே பார்க்கணும்.
வரமாட்டீங்க.
இதையாவது செய்ங்க."

ஒரு குப்பி, மூடியில் குச்சி,
குச்சி நுனியில் வரிவரியாய்ப் பள்ளம்.
தண்ணீரில் விழுமுன் பிடிக்க வேண்டுமாம்.
எதில் பிடிக்க?
பழைய தினசரியை விரித்தேன்,
நகைக்கடை விளம்பரப் பக்கம்.
ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாகத்
திரும்பிப் பார்த்தேன்.
சிவப்பு இல்லை.
யோக்கியமாகத்தான் இருந்தது.
கண்ணுக்குத் தெரியாததைத்தான் இது தேடும்
என்று சொல்லியிருந்தார் ஆக்னஸ்.
நாலு இடத்தில் கீறி, மூடி, ஆட்டி,
மேலே எழுதினேன்:
சே. அடைக்கலம், 56, தேதி.
ரேஷன் கார்டில்கூட என் பெயர்
இவ்வளவு தெளிவாக இல்லை.

பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்றதும்
மீனாள் மூன்று கவரில் சுற்றி
மாவுப் பாத்திரத்துக்கு எட்டாத தட்டில் தள்ளினாள்.
அப்படியும் அன்றைக்கு மோர் குடிக்கவில்லை.
காரைக்குடி பஸ்ஸில் மடியில் வைத்துப் போனேன்.
"சீடையா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.
ஆமாம் என்றேன்.

எட்டாம் நாள் போன்.
"ரத்தம் இருக்குண்ணே. நோய்னு சொல்லல.
உள்ளே பார்த்துடணும்."

முந்தின நாள் முழுக்க மருந்துத் தண்ணீர்.
கல்யாணத்துக்கு வீட்டைக் கழுவிவிடுவதுபோல்
குடம் குடமாய், கடைசிக் குடம் தெளிவாய்ப் போகும்வரை.
பிறகு மதுரையில் இடப்பக்கம் படுக்கவைத்து
விளக்கோடு நுழைந்தார்கள்.
கொல்லைவாசல் வழி,
கட்டு கட்டாக.
நான் பாதித் தூக்கத்தில் திரையைப் பார்த்தேன்.
முட்டைவெள்ளை பூசித் தேய்த்த சுவரின் வழவழப்பு,
ஆனால் ரோஜா நிறம்.
ஒரு திருப்பத்தில், காம்போடு, பச்சை மிளகு அளவில் ஒன்று.
கம்பிக் கண்ணி போட்டு இறுக்கினார்கள்.
வலிக்கவில்லை.
கொஞ்சமும் வலிக்கவில்லை.
அதனால்தான் அழுதேன் போலிருக்கிறது.

"இது இன்னும் புற்று ஆகலை.
விட்டிருந்தா ஆகியிருக்கலாம்.
மூணு வருஷத்துல திரும்ப வாங்க."
மூன்று வருஷம்.
அதே மூன்று வருஷம்.

மீனாளின் பெட்டி பிரிட்ஜ் தலைமேல்
பிரிக்காமல் இருந்தது.
கேட்டால், வெள்ளிக்கிழமையா இதைச் செய்வாங்க?
சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்.
ஞாயிறு, அவள் தங்கச்சி வீட்டில் புதுமை.
நான் ஒன்றும் பேசவில்லை.
ராத்திரி டார்ச்சை ஆணியில் மாட்டாமல்
அந்தப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் டார்ச் ஆணியில் தொங்கியது.
பெட்டியைக் காணோம்.
கேட்கவில்லை.
காபி குடித்துக்கொண்டே நேற்றைய தினசரியைப் புரட்டினேன்.
நடுவில் ஒரு தாள் குறைந்தது.