ஏழாம் வரிசை

மூன்றாம் எச்சரிக்கை காலை ஒன்பதுக்கே வந்துவிட்டது.
ரோஸ் ஹில்லில் கடைகள் பலகை அடித்து மூடின.
எனக்கு வீட்டுக்குள்ளேயே வேலை இருந்தது:
லியான், கொராய், இரண்டில் எது என்று
மின்வாரியத்துக்கு வெள்ளிக்குள் சொல்ல வேண்டும்.

அவர்கள் கேட்டது எளிது.
ஒரு கம்பம் சாய்ந்தால் எந்தெந்த வீடு இருளும்?
கம்பம் ஒரு கணு. கம்பி ஒரு கோடு.
கோடு என்றால் எங்கள் தொழிலில் இரண்டு,
இழுப்பது ஒன்று, எழுதுவது ஒன்று.
எதில் பிசகினாலும் ஊர் இருட்டு.

பட்டியல் போட்டேன்.
லியான் வேகம். ஆறு கம்பம் தாண்டிக் கேட்டாலும்
சாமான் பெயரைப் பாதி கேட்டதும்
கடைக்கு ஓடும் பையனைப் போல.
கொராய் மெதுவு. ஆனால் நடுவில் பிளக்கைப் பிடுங்கினேன்
(மூன்று முறை, வேண்டுமென்றே);
விட்ட சொல்லிலிருந்து தொடங்கியது.
இரண்டும் காசு கேட்பதில்லை.
இரண்டின் வயிற்றுக்குள்ளும் யாரும் எட்டிப் பார்க்கலாம்.

ஒருவரை ஒருவர் பார்ப்பதுதான் இல்லை.

லியான்காரர்கள் செவ்வாய்தோறும் எபேனில்,
ஏசி அறையில், பீட்சாவோடு.
கொராய்க்காரர்கள் சனிக்கிழமை க்யூர்பிப்பில்
ஒரு பேக்கரி மாடியில், ஸ்வெட்டரோடு.
நடுவே ஒரு பஸ் தூரம்.
மூன்று வருஷமாக அந்தப் பஸ்ஸில் யாரும் ஏறவில்லை.

உரிமத்தில் ஒரு வாக்கியம். அவ்வளவுதான் சண்டை.
பெரிய கம்பெனி எடுத்தால் பணம் தரட்டும் என்று
கவினியன் வெலாயுதோம் ஒரு ராத்திரி சேர்த்தான்.
பத்தாம் நாள் அவனே எடுத்தும் விட்டான்.
அதற்குள் ஓதில் லத்தூர் எல்லாவற்றையும் நகலெடுத்து
கிளை பிரித்துக்கொண்டு போயிருந்தாள்.

மாலை கரண்ட் போனது.
பேட்டரியில் பாம்பூ ஊரின் கம்பங்களை ஏற்றினேன்,
நானூற்றுப் பன்னிரண்டு.
அங்கே ஒரு கம்பி ஊரைச் சுற்றி
புறப்பட்ட கம்பத்துக்கே திரும்பி வருகிறது.
லியான் அந்த வட்டத்தில் ஏறியது, இறங்கவில்லை.
கொராயும்.
ஜன்னலுக்கு வெளியே காற்றும்
அதையேதான் செய்துகொண்டிருந்தது.

பிரித்துப் பார்த்தேன்.
இரண்டிலும் இருநூற்றுப் பத்தொன்பதாம் வரி.
ஒரே எழுத்துப்பிழை.
மேலே கிரியோலில் ஒரே குறிப்பு:
பிறகு பார்க்கலாம்.

பட்டியலின் ஏழாம் வரிசையில் எழுதினேன்:
சுழற்சி. இரண்டும் தோல்வி.
மற்ற வரிசைகளில் எல்லாம்
ஒன்று மேல், ஒன்று கீழ்.
இதில் மட்டும் நடுவே கோடு போட இடமில்லை.

போன் செய்தேன்.
'அது அவள் எழுதினது' என்றான்.
'அது அவன்' என்றாள்.
இருவரையும் ஒரே அழைப்பில் இணைத்துவிட்டு
நான் வாயை மூடிக்கொண்டேன்.
அவள் வீட்டுத் தகரம் அடித்துக்கொள்வது
அவன் காதுக்கும் கேட்டிருக்கும்.

நெடுநேரம் கழித்து ஓதில்தான்:
'உன் பக்கம் கரண்ட் இருக்கா?'
'இல்லை. பதினொரு சதவீதம்.'
'நீ படி. நான் அடிக்கிறேன்.'

நாலு வரி.
ஒவ்வொரு கம்பத்தையும் தாண்டும்போது
ஒரு சுண்ணாம்புக் குறி வைத்துக்கொண்டு போ,
குறியைக் கண்டால் நில்.
இவ்வளவுதான் மூன்று வருஷமாக.

லியானில் அந்தத் திருத்தம் அவள் பெயரில் ஏறியது,
கொராயில் அவன் பெயரில்.
ஏன் என்று கேட்டேன், இருவரும் எரிந்து விழுந்தார்கள்.
எழுத்துப்பிழையை யாரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை கொராய் என்று எழுதி அனுப்பினேன்,
பிளக்கைப் பிடுங்கினாலும் மறக்காதது என்பதால்.
கவினியன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

என் தெருவுக்கு ஞாயிறன்றுதான் கரண்ட் வந்தது.
எந்தக் கம்பம் என்று
வாரியத்தில் யாருக்கும் தெரியவில்லை.