நாற்பது நிமிடம்

சீனி கூடிப்போச்சு, நாற்பது நிமிடம் நட
என்றார் டொக்டர்.
பாலம்போட்டாற்றுப் பாலத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு
நானும் பௌசியாவும் வாய்க்கால் கட்டில் இறங்கினோம்.

ஒரு பக்கம் ஆறு,
எருமைகளைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல்.
மறுபக்கம் வாய்க்கால்,
வயலுக்கு வருவதாய் வாக்குக் கொடுத்த நடையில்.

மதகடியில் கால் நனைத்தேன்.
வலது செருப்பு போய்விட்டது.

"பிடி, பிடி" என்று அவள் ஓட,
சிரிப்பில் நான் நின்றுவிட,
அது ஒரு கொக்கைக் கடந்து,
யாரோ அலசிக் காயப்போட்ட உரப்பைகளைக் கடந்து
தம்பலகாமம் பார்க்கப் போனது.

கொழும்பு ரயில் எங்கோ கூவியது.
இருபத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

திரும்பினோம்.
பகல் முழுக்கக் காய்ந்த மண்
இன்னும் சூடாக இருந்தது,
வெறுங்காலுக்கு மட்டும் தெரியும்படி.